இருபது விநாடிக் கணக்கு

திருப்புட்குழியிலும் பாலுசெட்டிசத்திரம் சுற்றுவட்டாரத்திலும் காவலர் தேர்வுக்காக ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்



விடிவதற்கு முன்பே ஜடாயு தீர்த்தக் கரையில் கூடி, கைகால் உதறி, சர்வீஸ் ரோடு பக்கம் நீங்கள் ஓடிப்போவதை நாள்தோறும் பார்க்கிறேன். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் உங்கள் கேள்விகளும் என்னைத் தேடி வருகின்றன. ஓடும் முறை, மூச்சு, சாப்பாடு பற்றியெல்லாம் கேட்பவர்கள் குறைவு. "சார், எந்த ஷூ சார் வாங்கலாம்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

இப்போது உங்களுக்குள்ளேயே மூன்று கட்சிகள் ஆகிவிட்டன. அடியில் கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கினால்தான் பிசிக்கல் தாண்ட முடியும் என்பது முதல் கட்சி. அதற்காக வட்டிக்குக் கடன் கேட்கும் வரை போயிருக்கிறார்கள். ஷூவே வேண்டாம், வெறுங்கால்தான் வேகம் என்பது இரண்டாவது. உடம்போடு ஒட்டிய உடுப்பு போட்டால் காற்று தடுக்காது என்பது மூன்றாவது. மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எத்தனை விநாடி உண்மை என்று யாரும் கணக்குப் போடவில்லை. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டத்தான் இந்த மடல்.

முதலில் உங்கள் வேகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் ஓடி முடிக்க வேண்டும். ஆண்களுக்கு அது விநாடிக்குச் சுமார் 3.6 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். பெண்களுக்கு விநாடிக்குச் சுமார் 2.7 மீட்டர். அக்னிவீர் தேர்வுக்குப் போகிறவர்கள் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடிப்பதாக இருந்தால் விநாடிக்கு 4.8 மீட்டருக்குமேல் ஓட வேண்டும். உலகத் தரத்து 100 மீட்டர் வீரர் விநாடிக்குப் பத்து மீட்டர் போகிறார். அவருக்கு முக்கியமானது உங்களுக்கும் முக்கியமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

காரணம், காற்று வேகத்தைப் பார்த்துத்தான் வரி போடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. காற்றே வீசாத காலையில், 7 நிமிடக் கணக்கில் ஓடும் ஒருவரைக் காற்று பின்னுக்குத் தள்ளும் விசை, சுமார் 350 கிராம் எடையைக் கையில் தாங்கும் அளவுதான். 100 மீட்டரை 15 விநாடியில் ஓடும் தம்பிக்கு அது ஒரு கிலோவைத் தாண்டிவிடும். விநாடிக்குப் பத்து மீட்டர் ஓடுபவருக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல்.

இதை மனிதர்களை ஓடவிட்டே அளந்திருக்கிறார்கள். 1953 எவரெஸ்ட் பயணக் குழுவில் உடலியல் அறிஞராகப் போன கிரிஃபித் பியூ, 1970-71ஆம் ஆண்டுகளில் ஓட்டக்காரர்களை டிரெட்மில்லில் ஓடவிட்டு, எதிரே காற்றைப் பாய்ச்சி, அவர்கள் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கிறார்கள் என்று பார்த்தார். நடுத்தூர ஓட்டத்தில் மொத்தச் சக்தியில் ஏழு எட்டு சதவீதம் காற்றுக்கே போகிறது என்றார். 1980இல் டேவிஸ் என்பவர் திரும்ப அளந்தபோது இது குறைந்தது. விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் 4 சதவீதம், 5 மீட்டர் வேகத்தில் 2 சதவீதம் என்று அவர் கண்டார். அந்தக் கணக்கை உங்கள் 3.6 மீட்டருக்கு இறக்கினால் காற்றுக்குப் போவது சுமார் 1 சதவீதம். 400 மீட்டர் ஓடும் தங்கைகளுக்கு அதிலும் பாதி.

இந்த ஒரு சதவீதத்தை மனதில் வைத்துக்கொண்டு, 1,500 மீட்டரை இப்போது 7 நிமிடம் 20 விநாடியில் ஓடும் ஒரு தம்பியை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் குறைய வேண்டியது 20 விநாடி. உடுப்பிலிருந்து எத்தனை கிடைக்கும், ஷூவிலிருந்து எத்தனை, காற்றிலிருந்து எத்தனை?

உடுப்பை முதலில் பார்ப்போம். 1986இல் அமெரிக்காவில் கைல், கயோசோ என்ற இருவர் ஓட்டக்காரர்களின் உடைகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். தொளதொள உடையை மாற்றி, தலைமுடியை வெட்டியோ மூடியோ விட்டால், காற்றின் தடை அரை சதவீதத்திலிருந்து ஆறு சதவீதம் வரை குறையும் என்று கண்டார்கள். தடை இரண்டு சதவீதம் குறைந்தாலே 100 மீட்டர் ஓட்டத்தில் 10 சென்டிமீட்டர் முந்தலாம் என்பது அவர்கள் கணக்கு. 100 மீட்டர் வீரருக்கு 10 சென்டிமீட்டர் பெரிய விஷயம். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா வெண்கலத்தைத் தவறவிட்டது விநாடியில் நூறில் ஒரு பங்கில். அவர் ஓடிய வேகத்துக்கு அது ஏழு சென்டிமீட்டர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கேத்தி ஃப்ரீமன் தலையையும் மூடிய முழு உடல் உடுப்போடு 400 மீட்டரை 49.11 விநாடியில் ஓடித் தங்கம் வென்றதை வயதில் மூத்தவர்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அந்த உடுப்பின் பின்னால் இருந்தது இந்த அறிவியல்தான்.

நம் தம்பிக்கு என்ன கிடைக்கும்? காற்றுக்குப் போவதே ஒரு சதவீதம். அந்த ஒன்றில் ஆறு சதவீதத்தை மிச்சம் பிடித்தாலும், 440 விநாடியில் கால் விநாடி. அவ்வளவுதான். கால் விநாடிக்காக யாரும் ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டாம்.

ஆனாலும் உடுப்பு முக்கியம்தான், காற்றுக்காக இல்லை, சூட்டுக்காக. இது தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைக்காலத்தில் பட்டு நூல் எடை கூடுவதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கையில் எடுத்ததுமே சொல்வார்கள். சாதாரண ஈரப்பதத்தில் பட்டு தன் உலர்ந்த எடையில் 11 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பருத்தி 8.5 சதவீதம். பாலியெஸ்டரோ வெறும் 0.4 சதவீதம். அதனால்தான் வியர்வையைக் குடித்த பருத்தி டி-ஷர்ட் கனத்து, உடம்போடு ஒட்டி, தொடை இடுக்கையும் அக்குளையும் உரசிப் புண்ணாக்குகிறது. சல்லடைக் கண் போட்ட மெல்லிய பாலியெஸ்டர் பனியன் ஈரத்தைப் பிடித்து வைக்காமல் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண கபடி பனியன் போதும். அதே பாலியெஸ்டரைக் கண் இல்லாமல் நெருக்கமாக நெய்து முழுக்கை வைத்துத் தைத்தால், வெயிலில் உள்ளே வெந்துபோவீர்கள். நூல் எது என்பதைப் போலவே நெசவு எப்படி என்பதும் முக்கியம்.

கால் பக்கம் முழங்காலை மடக்க விடாத டிராக் பேண்ட்டும், தரையைப் பெருக்கும் நீள பேண்ட்டும் வேண்டாம். கோயில் திருவிழாவில் சாமி தூக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகள் வாகனத்தைத் தோளில் ஏற்றும்போது வேட்டியைக் கச்சமாக இழுத்துக் கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். தொடை விலக இடம் வேண்டும், துணி காலில் சிக்கக் கூடாது. ஓட்டக்காரருக்கும் அந்த இரண்டுதான் விதி. ஷார்ட்ஸ் போடத் தயங்கும் தங்கைகள் லெக்கின்ஸும் இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் டி-ஷர்ட்டும் போட்டு ஓடலாம். அதனால் நேரம் போய்விடும் என்று கவலைப்பட வேண்டாம்.

தங்கைகளுக்கு இன்னொன்று. வீட்டில் யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். மார்பை நன்றாகத் தாங்கிப் பிடிக்கும் விளையாட்டு உள்ளாடை உங்கள் முதல் செலவாக இருக்கட்டும். ஷூ அதற்குப் பிறகு. அது இல்லாமல் ஓடினால் வலி வரும். வலி வந்தால் கையை வீசாமல் தோளைக் குறுக்கிக்கொண்டு ஓடுவீர்கள், ஓட்டமும் குறுகும். அம்மாக்கள் இந்த மடலைப் படித்தால், இதை ஆடம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

உடுப்பில் நிறமும் உண்டு. இருட்டில் பெங்களூர் சாலை ஓரமாகக் கறுப்பு பனியன் போட்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் போடுங்கள். முதுகில் ஒளி திருப்பும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். வண்டி வரும் திசையைப் பார்த்து ஓடுங்கள். காதில் இயர்போன் வேண்டாம். லாரி உரசிப் போகும்போது வரும் காற்று முன்னால் தள்ளுகிறது என்று பெருமையாகச் சொன்ன தம்பிக்குத் தனியாகச் சொல்கிறேன்: அந்தக் காற்று உன்னை லாரிக்கு அடியிலும் இழுக்கும்.

இனி ஷூ. இங்கேதான் கணக்கு கொஞ்சம் பெரிதாகிறது. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓட்டத்தின் சக்திச் செலவு சுமார் ஒரு சதவீதம் கூடுகிறது. இது பலமுறை அளந்து உறுதியான கணக்கு. 2016இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஹூக்காமர், கிராம் முதலியவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஓடுகிறவர்களுக்குத் தெரியாமல் ஷூக்களுக்குள் ஈயக் குண்டுகளை ஒளித்து வைத்து, 3,000 மீட்டர் ஓடவிட்டார்கள். ஷூவுக்கு 100 கிராம் கூடியபோது நேரம் 0.78 சதவீதம் கூடியது. கனம் இருப்பது தெரிந்து மனம் சோர்ந்துபோனார்கள் என்று சொல்ல இடமில்லாமல் செய்துவிட்டார்கள்.

நம் தம்பியின் 440 விநாடியில் 0.78 சதவீதம் என்றால் சுமார் மூன்றரை விநாடி. அமைதியான காலையில் காற்று முழுவதும் அவரிடமிருந்து பிடுங்குவதும் ஏறக்குறைய இவ்வளவுதான். உங்கள் வேகத்தில் ஊர்க் காற்று மொத்தமும் ஷூவில் ஒளிந்திருக்கும் 100 கிராமும் சமம். அந்தக் காற்றை விலைக்கு வாங்க முடியாது. 100 கிராமை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.

காலில் இருக்கும் எடைக்கு இத்தனை தண்டனை ஏன்? முதுகில் 100 கிராம் கட்டிக்கொண்டு ஓடினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. உடம்பு ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கிறது. பாதமோ ஒவ்வொரு அடியிலும் தரையில் ஊன்றி முழுசாக நின்றுவிட்டு, பிறகு உடம்பைவிட வேகமாக முன்னால் பாய வேண்டியிருக்கிறது. 1,500 மீட்டரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிகள். அத்தனை தடவையும் அந்த எடையை நிறுத்தி, தூக்கி, வீச வேண்டும். கணுக்காலில் மணல் பை கட்டி ஓடிப் பழகுகிறவர்கள் அதைக் கழற்றி வையுங்கள். ஓட்டத்தின் நடைதான் கெடும்.

இதே காரணத்தால், ஓடும்போது தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் பழக்கத்தையும் கவனியுங்கள். முதுகில் வழிந்து இறங்கும் தண்ணீர் கடைசியில் சாக்ஸில்தான் தங்கும். கைக்குட்டையை நனைத்துப் பிடரியில் வைத்துக்கொள்வது நல்லது. பனி ஈரம் இருக்கும் புல்லிலும் மழை நாளிலும் ஓடிய ஷூவை வீட்டுக்கு வந்ததும் உள் அட்டையை உருவி எடுத்து, பழைய செய்தித்தாள் திணித்து, நிழலில் காய வையுங்கள்.

கார்பன் தகடு கட்சிக்கு வருகிறேன். அந்த ஷூக்கள் பொய்யில்லை. 2017இல் அறிமுகமான அந்த வகை ஷூக்கள், வேகமாக ஓடும் நெடுந்தூரக்காரர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் சக்திச் செலவைச் சராசரியாக 4 சதவீதம் குறைத்தன. தகடு மட்டும் காரணமில்லை, அமுங்கி எழும் தடித்த மெத்தையும் அதன் இலேசும் சேர்ந்துதான். சாலை ஓட்டத்தில் அடித்தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு விதி கொண்டுவரும் அளவுக்கு அவை வேலை செய்தன. ஆனால் வேகம் குறையக் குறைய அந்தப் பலனும் குறைகிறது. மணிக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் வேகத்தில் சோதித்தபோது சராசரிப் பலன் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருந்தது. சிலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. உங்கள் தேர்வு வேகம் இதற்குச் சற்று மேலேதான். வீட்டில் ஒரு மாதத் தறிக்கூலியைக் கொட்டி அந்த ஒன்றிரண்டு சதவீதத்தை வாங்க வேண்டாம். இலேசான, காலுக்குப் பொருந்திய சாதாரண ஷூ அதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும்.

வெறுங்கால் கட்சிக்கு ஆதாரம் நிறைய இருக்கிறது, தெரியும். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடி வென்றார். நம் நாட்டின் ஷிவ்நாத் சிங் வெறுங்காலோடு ஓடியே பேர் வாங்கியவர். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் பதினோராவதாக வந்தார். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் அவர் முடித்த ஓட்டம், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேசியச் சாதனையாக நின்றது. மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியும் தொடக்கத்தில் வெறுங்காலோடுதான் போட்டிகளில் ஓடினார். பாட்டி கூலி வேலை செய்து வளர்த்த பெண். அவருக்கு வெறுங்கால் ஒரு முறை இல்லை, இல்லாமை. பயிற்சியாளர் கண்ணன் ஷூவும் பயிற்சியும் கொடுத்து ஏற்றிவிட்ட பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டம் வரை போனார். பிகிலாவும் 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடியும் தங்கம் வாங்கினார் என்பதை வெறுங்கால் கட்சி சொல்வதில்லை.

இதையும் அளந்திருக்கிறார்கள். 2012இல் அதே கொலராடோ குழு, வெறுங்காலில் ஓடிப் பழகியவர்களையே வெறுங்காலோடும் மிக இலேசான மெத்தை ஷூவோடும் ஓடவிட்டது. வெறுங்காலால் சக்தி மிச்சமாகவில்லை. பாதத்தில் எடை சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டபோது ஷூ போட்டவர்களுக்கே மூன்று நான்கு சதவீதம் குறைவாகச் செலவானது. மெத்தை இல்லாத காலில் அதிர்ச்சியைத் தாங்கும் வேலையைத் தசை செய்கிறது, அதற்கும் சக்தி வேண்டும். அது போகட்டும், நம் ஏரிக்கரையில் சீமைக் கருவேல முள்ளும் உடைந்த பாட்டிலும் இருக்கின்றன. தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் முள் குத்திப் படுத்தவருக்கு எந்தச் சதவீதமும் உதவாது.

மூன்று கட்சிகளும் பேசாத ஒன்று இருக்கிறது. அதற்குக் காசே வேண்டாம். இன்னொருவர் பின்னால் ஓடுங்கள். ஒரு மீட்டர் இடைவெளியில் பின்தொடர்ந்தால் காற்றின் தடையில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது என்று பியூ அளந்து சொன்னார். 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் முடித்தபோது, 41 பேர் முறைவைத்து அவரைச் சுற்றி அணிவகுத்து ஓடினார்கள். அது சாதனைப் பட்டியலில் சேராததற்கு இதுவும் ஒரு காரணம். அமைதியான காலையில் உங்களுக்கு அதில் இரண்டு மூன்று விநாடிதான் கிடைக்கும். காற்று வீசும் நாளில் கதை வேறு. விநாடிக்கு 3 மீட்டர், அதாவது மரத்தில் இலை அசையும் அளவுக்கு எதிர்க்காற்று இருந்தாலே தடை மூன்று மடங்குக்கு மேலாகிவிடும். சுற்று ஓட்டத்தில் ஒரு பக்கம் எதிர்த்த காற்று மறுபக்கம் தள்ளிக் கொடுத்துச் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். வேகத்தின் வர்க்கமாக ஏறும் தடை அது. எதிர்ப்பக்கத்தில் எடுத்ததை மறுபக்கத்தில் திருப்பித் தராது. அப்படிப்பட்ட நாளில் எதிர்க்காற்றுப் பக்கத்தில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குங்கள். உங்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு சுற்று முன்னால் ஓடுங்கள். ஒருவரே தினமும் காற்றை வாங்க வேண்டியதில்லை.

இனி கூட்டிப் பாருங்கள். உடுப்பில் கால் விநாடி. கனமான ஷூவை விட்டு 100 கிராம் குறைந்ததைப் போட்டால் மூன்றரை விநாடி. பின்னால் ஒதுங்கி ஓடினால் இரண்டு மூன்று. எல்லாம் சேர்த்தாலும் ஏழு விநாடி தாண்டாது. மீதி பதின்மூன்று விநாடி எந்தக் கடையிலும் விற்பதில்லை. அது உங்கள் நுரையீரலிலும் கால்களிலும், முக்கியமாக முதல் சுற்றிலும் இருக்கிறது. 7 நிமிடத்துக்கு 400 மீட்டர் சுற்று ஒன்று 1 நிமிடம் 52 விநாடி. உங்களில் பாதிப் பேர் முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் ஓடிவிட்டு மூன்றாவதில் நடக்கிறீர்கள். விசில் ஊதியதும் வரும் அந்தப் பாய்ச்சலை அடக்கிச் சீராக ஓடப் பழகினாலே, ஷூ கொடுப்பதைவிட அதிகம் கிடைக்கும்.

ஷூவுக்கென்று பணம் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். கடைக்கு மாலையில் போங்கள், பாதம் அப்போது சற்று விரிந்திருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பொருந்தும் இரண்டு மூன்றில் எது இலேசு என்று பார்த்து அதை எடுங்கள். தேர்வுக்கு மூன்று வாரம் முன்பாவது வாங்கிப் பழக்குங்கள். புது ஷூவோடு மைதானத்துக்குப் போனவர் கொப்புளத்தோடுதான் திரும்புவார். தேர்வு நாளில் சான்றிதழ் பார்ப்பது, உயரம் அளப்பது என்று வெயிலில் வெகுநேரம் காக்க வைப்பார்கள். அப்போது தலையில் துண்டு, உடம்பில் தளர்ந்த பருத்திச் சட்டை. ஓட்டத்துக்கு முன் உலர்ந்த பனியனுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஊராட்சிக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகள் நெடுஞ்சாலையில் உயிரைக் கையில் பிடித்து ஓடுவதற்குக் காரணம், சரியாக அளந்து சமன் செய்த ஓர் ஓடுபாதை பக்கத்தில் இல்லாததுதான். கருவேலம் வெட்டி, மண் பரப்பி, 400 மீட்டர் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு விளக்குக் கம்பம் நட்டுக் கொடுங்கள். பத்துப் பேர் கடன் வாங்கி ஷூ வாங்கும் பணத்தில் பாதி வேலை முடிந்துவிடும். தேர்வு முடித்து வேலைக்குப் போனவர்கள் நல்ல நிலையில் இருக்கும் ஷூவை அடுத்த ஆண்டுக்காரருக்குக் கொடுக்கும் வழக்கத்தையும் தொடங்கி வையுங்கள்.

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு உங்கள் ஷூக்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டில் பட்டு நூல் நிறுக்கும் தராசு இருக்கிறது, கொண்டுவருகிறேன். ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுவோம். பிறகு கனமானதில் ஒரு ஞாயிறு, இலேசானதில் ஒரு ஞாயிறு என்று மாற்றி மாற்றி ஆறு வாரம் ஓடுங்கள். ஸ்டாப்வாட்ச் பிடிப்பது என் வேலை. அந்த நோட்டில் உங்கள் காலே எழுதும் எண்களைப் பார்த்த பிறகு, கடன் வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் முன்னாள் உடற்கல்வி ஆசிரியன்
திருப்புட்குழி